பழைய ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு பயாஸ் அப்டேட்: எந்த இடத்தில் நின்றால் எதைப் பார்ப்பது

காரைக்குடியைச் சுற்றி நான் போய் வேலை பார்க்கும் இடங்களில் பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு வருடம் ஓடிய கம்ப்யூட்டர்கள்தான். ஆத்தங்குடி டைல் பட்டறையின் கணக்கு, புதுவயல் அரிசி ஆலையின் எடைச் சீட்டு, தேவகோட்டை ஜவுளிக்கடையின் பில், கானாடுகாத்தானில் விடுதியாக மாறிய வீட்டின் அறைப் பதிவு எல்லாமே அவற்றில்தான் ஓடுகின்றன. டெல் ஆப்டிபிளக்ஸ் 780, 790, 7010, ஹெச்பி காம்பேக் 6200, 8200, லெனோவோ திங்க்சென்டரின் எம் வரிசை ஆகியவற்றைத்தான் அதிகம் பார்க்கிறேன். பழையது என்று தூக்கிப் போடுகிற ஊர் இல்லை இது. முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய வீட்டுக் கதவுக்கும் தூணுக்கும் இன்றைக்கும் விலை பேசுகிறார்கள். எஸ்எஸ்டி போட்டு, ரேமை 8 ஜிபி ஆக்கினால் இந்த டப்பாக்களும் டேலி ஓட்ட இன்னும் சில வருடம் தாராளமாகத் தாங்கும். அப்படி மறுவாழ்வு கொடுக்கும்போது பயாஸையும் (மதர்போர்டின் சிப்பில் இருந்து, கம்ப்யூட்டர் எழும்பும்போது முதலில் ஓடும் மென்பொருள்) அதன் கடைசிப் பதிப்புக்குக் கொண்டுவந்துவிடுவேன்.

அதற்குக் காரணம் உண்டு. 2017 மே மாதம் இன்டெல்லின் ஏஎம்டி (AMT) என்ற தொலைநிர்வாக வசதியில் பெரிய ஓட்டை இருப்பது வெளியே வந்தது. முதல் தலைமுறை கோர் சிப்பிலிருந்து அந்த வருடத்துச் சிப் வரைக்கும், இன்டெல்லின் வி-புரோ (vPro) ஸ்டிக்கர் ஒட்டிய ஆபீஸ் கம்ப்யூட்டர்கள்தான் அதில் அதிகம் மாட்டின. அடுத்து 2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற சிப் ஓட்டைகள். இரண்டுக்கும் தயாரிப்பாளர்கள் பழைய மாடல்களுக்குக்கூட ஃபர்ம்வேர் விட்டார்கள். கோர் 2 காலத்தவை உட்படச் சில பழைய சிப்களுக்கு மட்டும் இனித் திருத்தம் கிடையாது என்று இன்டெல் 2018 ஏப்ரலில் சொல்லிவிட்டது. ஆக, உங்கள் மாடலுக்கு 2017க்குப் பிறகு தேதியிட்ட பயாஸ் இருந்து, நீங்கள் இன்னும் 2012 பதிப்பில் இருந்தால், அப்டேட் செய்வது நியாயம். அப்படி எந்தக் காரணமும் இல்லாமல், நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டரின் பயாஸைத் தொடாதீர்கள்.

அப்டேட் தோற்றால் எல்லோரும் முதலில் மதர்போர்டைத்தான் குறை சொல்கிறார்கள். என் கைக்கு வந்தவற்றில் போர்டு கெட்டிருந்தது அபூர்வம். கோப்பைத் தயார் செய்த விதத்தில்தான் சிக்கல் இருந்தது: தவறான கோப்பு, பாதி இறங்கிய கோப்பு, பிரிக்காத கோப்பு, கம்ப்யூட்டருக்குப் புரியாத பென் டிரைவில் வைத்த கோப்பு. அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் கோப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு காகிதத்தில் மூன்று விஷயம் எழுதிக்கொள்ளுங்கள். விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, வரும் பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 (msinfo32) என்று ஆங்கிலத்தில் தட்டினால் மாடல் பெயரும், இப்போதைய பயாஸ் பதிப்பும் தேதியும் காட்டும். மூன்றாவது, பெட்டியின் பின்னால் ஒட்டியிருக்கும் சீரியல் எண். டெல்லில் அதற்கு சர்வீஸ் டேக் என்று பெயர். அப்புறம் பயாஸுக்குள் போய் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். ஐந்து நிமிட வேலை. எதற்கு என்று கீழே வரும்.

தயாரிப்பாளரின் தளமே திறக்கவில்லை

அப்டேட் செய்ய வேண்டிய கம்ப்யூட்டரிலேயே தளத்தைத் திறக்கப் பார்க்கிறீர்கள், "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று வருகிறது அல்லது வெள்ளைப் பக்கமாக நிற்கிறது. முதலில் கீழே வலது மூலையில் தேதியைப் பாருங்கள். 2009 என்றோ 2012 என்றோ இருந்தால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்துவிட்டது. கடிகாரம் பின்னால் போனதும் இன்றைய தளங்களின் சான்றிதழ் "இன்னும் செல்லுபடிக்கு வரவில்லை" என்று பிரவுசர் நினைத்துக்கொள்ளும். புதிய செல் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். மல்டிமீட்டரில் 2.8க்குக் கீழே இறங்கியிருந்தால் நான் யோசிக்காமல் மாற்றிவிடுவேன். பேட்டரி ஆராய்ச்சிக்குப் பேர்போன சிக்ரி இருக்கிற ஊரில் இந்தச் செல் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

இந்தச் செல்லை மாற்றாமல் பயாஸ் அப்டேட்டில் இறங்கவே கூடாது. ஒவ்வொரு முறை கரண்ட் போகும்போதும் அமைப்புகள் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். அப்டேட்டால் வந்த கோளாறு எது, செல்லால் வந்த கோளாறு எது என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

தேதி சரியாக இருந்தும் தளம் திறக்கவில்லையா? எக்ஸ்பியோ பழைய விண்டோஸ் 7ஓ ஓடினால், இன்றைய தளங்கள் கேட்கும் டிஎல்எஸ் 1.2 என்ற பாதுகாப்பு முறை அதன் பழைய பிரவுசரில் இருக்காது, இருந்தாலும் அணைந்திருக்கும். அதோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். வேறு புதிய கம்ப்யூட்டரில் இறக்கிக் கொண்டுவாருங்கள்.

கோப்பு இறங்கியது, ஆனால் திறக்கவில்லை, அல்லது பாதியில் "சிதைந்த கோப்பு" என்கிறது

தளத்தில் போட்டிருக்கும் அளவையும் உங்களிடம் இருக்கும் கோப்பின் அளவையும் ஒப்பிடுங்கள். 6 எம்பி என்று போட்டிருந்து உங்களிடம் 4 எம்பி இருந்தால் இறக்கம் பாதியில் அறுந்திருக்கிறது. செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இறக்கும்போது இது அடிக்கடி நடக்கும்.

அளவு ஒத்துப்போனாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். தளத்தில் அந்தக் கோப்புக்கு ஷா-256 என்று 64 எழுத்துகள் கொண்ட ஒரு நீள வரி போட்டிருந்தால் அதையும் சரிபாருங்கள். 7-ஜிப் மென்பொருள் இருந்தால் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து சிஆர்சி ஷா என்ற மெனுவிலேயே அந்த வரியை எடுக்கலாம். முதல் ஆறு எழுத்தும் கடைசி ஆறு எழுத்தும் ஒத்தால் எனக்குப் போதும். ஒரு எழுத்து மாறினாலும் கோப்பை அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த பயாஸ் கோப்பை மட்டும் தொடவே தொடாதீர்கள். "அண்ணே, இதே மாடல்தான், எங்க ஆபீஸ்ல போட்டேன், நல்லா இருக்கு" என்று நண்பர் நல்ல மனதோடுதான் அனுப்புவார். பெயர் மாறியிருக்கும், பதிப்பு தெரியாது, எங்கே இறக்கியது என்று அவருக்கே நினைவிருக்காது. உலாவும் பயாஸ் தொகுப்புத் தளங்களுக்கும் இதே கதைதான். தயாரிப்பாளரின் தளத்தில் சீரியல் எண்ணைப் போட்டு எடுப்பது ஒன்றுதான் நம்பிக்கையான வழி.

"இந்தக் கோப்பு இந்தக் கம்ப்யூட்டருக்கு உரியதல்ல" என்கிறது

பாதுகாப்புச் சோதனை தன் வேலையைச் செய்திருக்கிறது, அதற்கு நன்றி சொல்லுங்கள். வற்புறுத்தி எழுதவைக்கும் கட்டளைகளை இணையத்தில் தேடாதீர்கள்.

மாடல் எண்கள் ஏமாற்றும். ஹெச்பியில் 6200 புரோவும் 8200 எலீட்டும் ஜே01 என்ற ஒரே பயாஸ் குடும்பம். 6300ம் 8300ம் கே01 குடும்பம். பெயரில் நூறு எண்தான் வித்தியாசம், கோப்பு முற்றிலும் வேறு. உங்கள் பயாஸ் பதிப்பு வரியின் தொடக்கத்திலேயே அந்தக் குடும்பப் பெயர் இருக்கும், நீங்கள் காகிதத்தில் எழுதியதைப் பாருங்கள். லெனோவோவில் எம் எண்ணை மட்டும் நம்பிப் போகாமல், ஸ்டிக்கரில் எம்டி என்று தொடங்கும் இடத்தில் இருக்கும் நான்கு எழுத்து இயந்திர வகையைப் போட்டுத் தேடுங்கள்.

இன்னொன்று: இரண்டாம் கையாக வாங்கிய பெட்டிகளில் மேல் மூடி ஒரு மாடல், உள்ளே போர்டு வேறு மாடலாக இருக்கலாம். ஸ்டிக்கரும் எம்எஸ்இன்ஃபோவும் வேறு வேறு சொன்னால் எம்எஸ்இன்ஃபோ சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கோப்பை இரட்டைக் கிளிக் செய்தால் விண்டோஸ் மறுக்கிறது

பழைய அப்டேட் கோப்புகள் சில டாஸுக்காக (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) எழுதிய 16 பிட் நிரல்கள். 64 பிட் விண்டோஸில் அவை ஓடவே ஓடாது. கோப்பு நல்லதுதான், ஓட்டும் இடம்தான் தப்பு. இதற்கு நேர் எதிரானதும் உண்டு. டாஸில் ஓட்டினால் "இந்த நிரலை டாஸில் இயக்க முடியாது" என்று ஒற்றை வரி வந்து நிற்கும். அது விண்டோஸுக்கு மட்டும் எழுதிய கோப்பு. ஆப்டிபிளக்ஸ் 790 காலத்து டெல் கோப்புகள் இரண்டு இடத்திலும் ஓடும், அந்த வகையில் அவை நல்ல பிள்ளைகள்.

ஹெச்பி கோப்பு சாஃப்ட்பேக் என்ற பொட்டலமாக வரும், எஸ்பி என்று தொடங்கி எண்ணில் முடியும். அதை ஓட்டினால் சி டிரைவில் எஸ்டபிள்யூசெட்டப் என்ற ஃபோல்டருக்குள் பிரித்துப் போடும். விண்டோஸில் ஓட்ட ஒன்று, டாஸில் ஓட்ட ஒன்று என்று உள்ளே தனித்தனி ஃபோல்டர்கள் இருக்கும். பொட்டலத்தை அப்படியே பென் டிரைவில் போட்டால் பயாஸ் அதைக் கண்டுகொள்ளாது. 7-ஜிப்பாலும் பெரும்பாலும் பிரித்துவிடலாம்.

லெனோவோ ஒரே பயாஸை விண்டோஸ் பதிப்பு, சிடி ஐஎஸ்ஓ, யூஎஸ்பி தொகுப்பு என்று மூன்று விதமாகக் கொடுக்கும். பலர் ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, அதைப் பென் டிரைவில் வெறுமனே காப்பி செய்துவிட்டு "பூட் ஆகலையே" என்கிறார்கள். ஐஎஸ்ஓ சிடியில் எழுதுவதற்கானது. பென் டிரைவுக்கு யூஎஸ்பி தொகுப்பையே எடுங்கள்.

பென் டிரைவ் செருகினேன், கம்ப்யூட்டருக்குத் தெரியவே இல்லை

எனக்கு வரும் போன்களில் பாதி இதற்குத்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புதுவயலில் ஓர் அரிசி ஆலை அலுவலகம். கணக்கு எழுதும் அக்கா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, முதலாளி மகன் பென் டிரைவ்ல எல்லாம் ஏத்திக் கொடுத்துட்டாரு. எஃப்12 அழுத்தினா லிஸ்ட்ல வரவே மாட்டேங்குது" என்றார். பென் டிரைவை உருவிப் பார்த்தேன். உலோக முனையில் மெல்லிய தவிட்டுப் பொடி ஒட்டியிருந்தது. டார்ச் அடித்து முன்பக்கத் துளைக்குள் பார்த்தால் உள்ளே இருக்கும் நாக்கு முழுக்கத் தவிடு. கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கை உருவி, உலர்ந்த பெயின்ட் பிரஷால் தட்டிவிட்டேன். அப்போதும் வரவில்லை. பின்பக்கம் திருப்பி, நீல நிறத் துளையை விட்டுவிட்டுக் கறுப்புத் துளையில் செருகினேன். எதிலிருந்து எழும்ப வேண்டும் என்று கேட்கும் அந்த பூட் பட்டியலில் பெயர் வந்தது. ஆனால் தேர்ந்தெடுத்தால் கோப்பு இல்லை என்றது. மேசை மேல் இருந்த வேறு கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தேன்: 64 ஜிபி, எக்ஸ்ஃபேட். ஒரே பென் டிரைவில் மூன்று சிக்கல், ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக.

அதனால் ஒன்றைச் சரிசெய்ததும் வரவில்லையே என்று விட்டுவிடாமல் வரிசையாகப் பாருங்கள்.

துளை. 2011, 2012 காலத்துப் போர்டுகள் சிலவற்றில் நீல நிற யூஎஸ்பி 3 துளை தனிச் சிப்பில் ஓடும். விண்டோஸ் வந்து டிரைவர் ஏற்றிய பிறகுதான் அதற்கு உயிர் வரும். பயாஸ் நேரத்தில் பின்பக்கக் கறுப்புத் துளைதான் நம்பகமானது. நடுவில் ஹப், நீட்டிப்பு ஒயர் எதுவும் வேண்டாம்.

அளவு. பெரிய பென் டிரைவ் நல்லது என்ற எண்ணத்தை இங்கே மறந்துவிடுங்கள். வீட்டு அலமாரியில் கிடக்கும் 4 ஜிபி, 8 ஜிபி பழசுதான் இதற்குத் தங்கம். அப்டேட் கோப்பே 10 எம்பியைத் தாண்டுவது அபூர்வம். நான் இதற்கென்றே மூன்று பழைய பென் டிரைவை நூல் கட்டித் தனியாக வைத்திருக்கிறேன்.

வடிவம். பழைய பயாஸ் ஃபேட் குடும்பத்தை மட்டும்தான் படிக்கும். எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் இரண்டும் அதற்கு வெற்றுத் தாள். ஃபேட்32 ஆக மாற்றுங்கள். 32 ஜிபிக்கு மேல் போனால் விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் பெட்டி ஃபேட்32ஐக் காட்டவே காட்டாது. பெரியது ஒன்றுதான் கைவசம் இருக்கிறது என்றால், டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பழைய பகுதியை அழித்து 4 ஜிபிக்கு மட்டும் ஒரு பகுதி உருவாக்கி அதை ஃபேட்32 ஆக்குங்கள். எந்த டிஸ்கை அழிக்கிறீர்கள் என்று அளவைப் பார்த்து இரண்டு முறை உறுதிசெய்யுங்கள். இதே திரையில்தான் ஆபீஸின் கணக்கு முழுவதும் இருக்கும் டிஸ்கும் தெரியும்.

அட்டவணை. பென் டிரைவில் பகுதிகள் எங்கே தொடங்குகின்றன என்று சொல்லும் குறிப்பு எம்பிஆர், ஜிபிடி என்று இரண்டு விதம். யூஇஎஃப்ஐ என்ற புதிய வகை இல்லாத பழைய பயாஸுக்கு எம்பிஆர்தான் புரியும். ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் இந்தத் தலைவலியைக் குறைக்கும். அதில் பூட் செலக்ஷன் என்ற இடத்தில் ஃப்ரீடாஸைத் தேர்ந்தெடுத்தால் எம்பிஆர், ஃபேட்32 இரண்டும் சரியாக அமைந்து, பூட் ஆகும் பென் டிரைவாகவே கையில் வரும். பூட் தேவையில்லை, பயாஸே கோப்பைப் படிக்கும் என்றால் அதே இடத்தில் "நான்-பூட்டபிள்" (Non bootable) என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

ஃப்ரீடாஸ் போட்டும் பட்டியலில் வராவிட்டால் பயாஸின் பூட் பக்கத்துக்குப் போங்கள். யூஇஎஃப்ஐ மட்டும் என்று இருந்தால் டாஸ் வராது, லெகசி என்ற பழைய முறையை இயக்க வேண்டும். செக்யூர் பூட் இயங்கினாலும் வராது. வேலை முடிந்ததும் இரண்டையும் பழையபடி வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் எழும்பாது.

பென் டிரைவ் தெரிகிறது, கோப்பு தெரியவில்லை

முதல் சந்தேகம் பெயர் மேல். டாஸுக்கு எட்டு எழுத்து, புள்ளி, பிறகு மூன்று எழுத்து, அவ்வளவுதான் கணக்கு. நீளமான பெயரை அது ஆறு எழுத்தாக வெட்டி ஓர் அலைக்குறியும் எண்ணும் ஒட்டிக் காட்டும். டாஸில் ஓட்டும் கோப்பை ஆங்கிலத்தில் ஐந்தாறு எழுத்தாகச் சுருக்கிவிடுங்கள். "புதிய பயாஸ்" என்று தமிழில் பெயர் வைத்த கோப்பையும் பார்த்திருக்கிறேன். விண்டோஸில் அழகாகத் தெரிந்தது, டாஸில் வெறும் குப்பை எழுத்து.

ஆனால் பயாஸே நேரடியாகப் படிக்கும் கோப்புக்கு இந்த விதி தலைகீழ். அதன் பெயரில் ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது, அந்தப் பெயரை வைத்துத்தான் அது தேடும். ஹெச்பி 8200 போன்றவற்றில் எஃப்10 அழுத்தி, ஃபைல் மெனுவில் ஃபிளாஷ் சிஸ்டம் ரோம் என்பதைத் தேர்ந்தெடுப்பது இந்த வகை. 2012க்குப் பிறகு வந்த பல டெல்களில் எஃப்12 பட்டியலிலேயே பயாஸ் ஃபிளாஷ் அப்டேட் என்று ஒரு வரி இருக்கும், அதற்கு டாஸே வேண்டாம்.

விண்டோஸ் கோப்பின் கடைசி மூன்று எழுத்தை மறைத்து வைக்கும் பழக்கம் உடையது. நீங்கள் பெயர் மாற்றும்போது .bin என்று சேர்த்தால், ஏற்கெனவே இருந்த .bin உடன் சேர்ந்து இரண்டு .bin ஆகிவிடும். எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் கோப்பு நீட்டிப்புகளைக் காட்டும்படி டிக் செய்துவிட்டு மாற்றுங்கள். கோப்பை ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் புதைக்காமல் வெளியிலேயே வையுங்கள்.

எல்லாம் சரி, "அப்டேட் அனுமதிக்கப்படவில்லை" என்கிறது

பயாஸுக்குக் கடவுச்சொல் போட்டிருக்கலாம், முதலில் அதை நீக்குங்கள். உங்கள் பதிப்பு மிகவும் பழையது என்றால் நேராகக் கடைசிப் படிக்குத் தாவ விடாது, நடுவில் ஒரு பதிப்பை ஏற்றிவிட்டு வரச் சொல்லும். தளத்தில் கோப்போடு இருக்கும் வெளியீட்டுக் குறிப்பில் அது எந்தப் பதிப்பு என்று இருக்கும். யாரும் படிப்பதில்லை, நீங்கள் படியுங்கள். போர்டில் எழுதுவதைத் தடுக்கும் ஜம்பர் இருக்கும் மாடல்களும் உண்டு.

ஓடத் தொடங்கியது, பாதியில் நின்றுவிட்டது

கையை எடுங்கள். பவர் பட்டனுக்குப் பக்கத்தில்கூடப் போகாதீர்கள். திரை கறுப்பாவதும், விசிறி உச்சத்தில் இரைவதும், தானாக இரண்டு மூன்று முறை அணைந்து எழுவதும் இயல்பு. நான் முழுதாக அரை மணி நேரம் காத்திருப்பேன். டீ குடிக்கப் போகும்போது யாரும் பட்டனைத் தொடாமல் இருக்க விசைப்பலகை மேல் ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதி வைத்துவிட்டுப் போவேன்.

இந்த வேலைக்கு நாள் பார்ப்பதும் முக்கியம். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு அறிவிப்பில் உங்கள் துணைமின் நிலையத்தின் பெயர் இருக்கும் நாளையும் அதற்கு முந்தின சாயங்காலத்தையும் தவிர்த்துவிடுங்கள். யூபிஎஸ் இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். அதனுள் இருக்கும் 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி சில வருடத்தில் சக்கையாகிவிடும், பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். முதல் நாளே கம்ப்யூட்டரையும் மானிட்டரையும் ஓடவிட்டு, சுவர் பிளக்கை உருவிப் பாருங்கள். பத்து நிமிடம் தாங்கினால்தான் அப்டேட்.

அரை மணி கழித்தும் அசைவில்லை, அணைத்துப் போட்டால் ஹெச்பியின் பவர் விளக்கு சிவப்பாக நொடிக்கு ஒன்றாக எட்டு முறை சிமிட்டி, இரண்டு நொடி நின்று, மறுபடி எட்டு சிமிட்டுகிறதா? ரோமில் (பயாஸ் இருக்கும் சிப்பில்) எழுதியது முழுமையாக இல்லை என்று பொருள். இன்னும் வழி இருக்கிறது. பெரும்பாலான ஆபீஸ் மாடல்களில் பூட் பிளாக் என்ற சிறு பகுதியை அப்டேட் தொடாது. யூஎஸ்பியில் சரியான கோப்பு இருந்தால் அது எடுத்து மறுபடி எழுதிக்கொள்ளும். எந்தப் பெயரில், எந்த ஃபோல்டரில் வைக்க வேண்டும் என்பது மாடலின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். இங்கேதான் ஃபேட்32, மாறாத பெயர், கறுப்புத் துளை என்று மேலே சொன்னது எல்லாம் இரட்டிப்பு முக்கியம்.

அப்டேட் முடிந்தது, விண்டோஸ் நீலத் திரையில் விழுகிறது

திரையில் 7பி என்று முடியும் எண்ணோ, பூட் சாதனத்தை அணுக முடியவில்லை என்ற வரியோ இருந்தால் கோப்பிலும் தவறில்லை, டிஸ்கிலும் தவறில்லை. அப்டேட் அமைப்புகளைப் பழைய நிலைக்குத் தள்ளியதில் சாட்டா முறை (டிஸ்கோடு பேசும் விதம்) மாறிவிட்டது. ஏஹெச்சிஐ, ஐடிஇ, ரெய்டு மூன்றில் விண்டோஸ் நிறுவியபோது எது இருந்ததோ அதுதான் வேண்டும். தொடக்கத்தில் படம் எடுத்து வைக்கச் சொன்னது இதற்காகத்தான். படத்தைப் பார்த்து அதே மாதிரி வையுங்கள், விண்டோஸ் வந்துவிடும். இதற்காக விண்டோஸையே அழித்து மறுபடி நிறுவியவர்களை எனக்குத் தெரியும், மனது கஷ்டமாக இருக்கும்.

டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் 48 இலக்கச் சாவியைக் கேட்டு நின்றால் அந்தச் சாவிதான் ஒரே வழி. அப்டேட்டுக்கு முன்பே பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து, சாவியையும் காகிதத்தில் அச்சிட்டு வையுங்கள்.

சிப்பை வெளியே எழுதிப் போட்ட பிறகு, சரியாக அரை மணி நேரத்தில் அணைந்துவிடுகிறது

பூட் பிளாக்கும் போய்விட்டால் கடைசி வழி சிஹெச்341ஏ போன்ற சிறு புரோகிராமர். எட்டுக் கால் சிப்பின் மேல் கிளிப்பைக் கவ்வவிட்டு எழுதுவார்கள். மதுரையில் சில கடைகளில் செய்கிறார்கள், நானும் செய்கிறேன். இங்கே கோப்பைத் தயார் செய்வது வேறு கணக்கு.

தளத்தில் இறக்கிய கோப்பில் பயாஸ் பகுதி மட்டும்தான் இருக்கும். சிப் 8 எம்பி என்றால், அதில் இன்டெல் மேனேஜ்மென்ட் எஞ்சின், நெட்வொர்க் கார்டின் விவரம், இவற்றையெல்லாம் பிரித்துக் காட்டும் முகப்புப் பகுதி ஆகியவையும் உட்கார்ந்திருக்கின்றன. இறக்கிய கோப்பை அப்படியே முழுச் சிப்பின் மேல் எழுதினால் அவை அழிந்துபோகும். முதல் தலைமுறை கோர் காலத்திலிருந்து, மேனேஜ்மென்ட் எஞ்சினின் ஃபர்ம்வேர் சிதைந்திருந்தால் கம்ப்யூட்டர் 30 நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். ஆகவே அரை மணி நேரக் கணக்கில் அணைந்தால் பவர் சப்ளையை மாற்றிக்கொண்டிருக்காமல் சிப்பில் எழுதிய கோப்பின் அளவைப் பாருங்கள்.

முறை இதுதான். எதையும் எழுதுவதற்கு முன்னால் சிப்பை இரண்டு முறை படித்து இரண்டு கோப்பாகச் சேமியுங்கள். இரண்டின் ஷா-256 ஒன்றாக இருந்தால்தான் கிளிப் சரியாகக் கவ்வியிருக்கிறது. அந்தப் பிரதியில் பயாஸ் பகுதியை மட்டும் மாற்றி, மொத்தமாக சிப்பின் அளவுக்கே கோப்பை உருவாக்கி எழுதுங்கள். பழைய பிரதியை சீரியல் எண் போட்டுப் பத்திரமாக வையுங்கள்.

ஒரு முறை அவசரத்தில் நான் இதைச் செய்யவில்லை. ஓர் அலுவலகத்தில் ஒரே மாடல் நான்கு. ஒன்று செத்துப்போனது, பக்கத்தில் இருந்த நல்லதின் சிப்பைப் படித்து அப்படியே இதில் எழுதிவிட்டேன். உடனே எழுந்தது, சந்தோஷமாக வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் அங்கிருந்து போன்: "தம்பி, ரெண்டு சிஸ்டமும் சேர்ந்து ஓட மாட்டேங்குது. ஒண்ணுல நெட் வந்தா இன்னொண்ணுல போயிடுது." நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியும் (ஒவ்வொரு கார்டுக்கும் உரிய தனி அடையாளம்) சீரியல் எண்ணும் சிப்போடு சேர்ந்து நகலாகிவிட்டன, நெட்வொர்க்கில் ஒரே முகவரியில் இரண்டு கம்ப்யூட்டர். செத்த சிப்பின் பழைய பிரதி என்னிடம் இல்லை. நல்லவேளையாக போர்டில் லேன் துளைக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த சிறு வெள்ளைச் சீட்டில் பன்னிரண்டு எழுத்து மேக் முகவரி இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, கோப்பில் நெட்வொர்க் பகுதியைத் திருத்தி, மறுபடி எழுதினேன். உங்கள் போர்டிலும் அந்தச் சீட்டு இருக்கும், மூடியைக் கழற்றும்போதே அதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.